சுண்டைக்காய் கால் பணம், இன்ஜின் முக்கால் பணமா?

கேள்வி: ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டிலிருந்து கேரளாவுக்குக் காய்கறி ஏற்றுகிறேன். மாதம் பதினாறு நடை. சொந்த வண்டி, 2014 ஆகஸ்டில் பதிவான பொலேரோ பிக்கப், 3,10,000 கிலோமீட்டர் ஓடியது. கடன் எப்போதோ முடிந்துவிட்டது. போன வாரம் உடுமலை தாண்டியதும் ரேடியேட்டர் ஹோஸ் வெடித்து, தண்ணீர் முழுக்க இறங்கிவிட்டது. டிரைவர் கவனிக்காமல் ஏழெட்டு கிலோமீட்டர் ஓட்டியிருக்கிறான். வண்டி தானாக நின்ற பிறகு, பக்கத்தில் வாங்கிய தண்ணீரை உடனே ஊற்றியிருக்கிறான். அதற்கப்புறம் ஸ்டார்ட் ஆகவில்லை. இதே இன்ஜினைப் பிரித்துச் செய்ய 1,40,000 ரூபாய் ஆகும் என்கிறார் மெக்கானிக். சென்னை புதுப்பேட்டையில் செகண்ட் இன்ஜின் 85,000, பூட்டுகூலி தனியாக 20,000. புரோக்கர் இருக்கிற நிலையிலேயே 1,10,000-க்குக் கேட்கிறார். ஓடும் நிலையில் இருந்தால் மூன்று லட்சம் போகும். "சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம், தள்ளிவிட்டுப் புதுசு எடு" என்று மைத்துனர் சொல்கிறார். என்ன செய்யட்டும்?

பதில்: உங்கள் மைத்துனர் சொல்கிற கணக்கைத்தான் எல்லோரும் போடுகிறார்கள். வண்டி விலை மூன்று லட்சம், இன்ஜின் செலவு ஒன்றரை லட்சம், பாதி விலையை இன்ஜினிலேயே போடுவதா என்று. எனக்கு அந்தக் கணக்கில் உடன்பாடு இல்லை. இன்ஜின் செய்த பிறகு வண்டியை விற்கப்போகிறவருக்குத்தான் அது பொருந்தும். நீங்கள் ஓட்டப்போகிறவர்.

உங்களுக்கான கணக்கு வேறு. இன்று கையில் இருப்பது 1,10,000 ரூபாய் மதிப்புள்ள வண்டி. இன்ஜின் வேலையோடு கூடவே செய்ய வேண்டியவற்றையும் சேர்த்து 1,75,000 செலவாகும் என்று வையுங்கள். ஆக 2,85,000. இந்தப் பணத்துக்குச் சந்தையில் என்ன வண்டி கிடைக்கும்? இதே வயதில் இன்னொரு பிக்கப். அது எத்தனை தடவை சூடேறியது, எவ்வளவு ஓவர்லோடு பார்த்தது, மீட்டரைத் திருப்பினார்களா, எதுவும் உங்களுக்குத் தெரியாது. உங்கள் வண்டியில் எந்த ஸ்பிரிங் பட்டை எப்போது மாற்றியது என்பதுகூட உங்களுக்கு மனப்பாடமாக இருக்கும். அந்த வண்டி புதிதாகச் செய்த இன்ஜினோடு வரப்போகிறது.

புது வண்டியோடு ஒப்பிட்டும் பார்ப்போம். முன்பணம் போக எட்டு லட்சம் கடன், 11 சதவீத வட்டி, ஐந்து வருடம் என்றால் மாதத் தவணை சுமார் 17,400. பதினாறு நடைக்குப் பிரித்தால் நடைக்கு 1,090 ரூபாய். பழைய வண்டியில் 1,75,000 போட்டு மூன்று வருடம் ஓட்டினால் நடைக்கு சுமார் 304 ரூபாய்தான் வரும். மற்ற ரிப்பேர்களுக்கு இன்னொரு 300 ஒதுக்கினாலும் இடைவெளி பெரியது. மூன்றாம் தரப்பு இன்சூரன்ஸ் அதே எடைப் பிரிவில் பழசுக்கும் புதுசுக்கும் ஒன்றுதான். சொந்தச் சேதத்துக்கான பிரீமியம் புதுசுக்குக் கூடும். 2025 செப்டம்பர் 22 முதல் சரக்கு வண்டிகளுக்கான ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது புது வண்டிக்குச் சாதகமான விஷயம்தான். ஆனால் பச்சைக் காய்கறிக்கு ஜிஎஸ்டி கிடையாது என்பதால், வண்டிக்குக் கட்டும் வரியை நீங்கள் உள்ளீட்டு வரியாகத் திரும்ப எடுக்க முடியாது. அது முழுச் செலவு.

ஆகவே இன்ஜின் செய்வதுதான் என் பக்கம். ஆனால் ஒரு நிபந்தனை இருக்கிறது, அதைப் பார்க்காமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

வண்டியைப் பள்ளத்தில் ஏற்றி, அடியில் விளக்குப் பிடித்து சேசிஸை, அதாவது வண்டியின் அடிச்சட்டத்தைப் பாருங்கள். காய்கறி வண்டியில் மூட்டையிலிருந்து ஈரம் சொட்டிக்கொண்டே இருக்கும். அது பாடி இடுக்கில் தங்கி சேசிஸ் மேல்பக்கத்தைத் தின்னும். மேலே பெயின்ட் நன்றாகத்தான் தெரியும், சின்னச் சுத்தியலால் தட்டினால் சத்தம் மாறும். பின் ஸ்பிரிங் தொங்கும் பிராக்கெட்டுகளைச் சுற்றி விரிசல் இருக்கிறதா, ஏற்கெனவே வெல்டிங் வைத்து பட்டை போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். ஒரு இடத்தில் ஒழுங்காக வைத்த பட்டை பரவாயில்லை. இரண்டு பக்கமும் மாறி மாறி வெல்டிங் என்றால் அந்த வண்டிக்கு இன்ஜின் போடாதீர்கள், புரோக்கர் தரும் 1,10,000-ஐ வாங்கிக்கொள்ளுங்கள். கியர்பாக்ஸ் மூன்றாவது கியரில் கத்துகிறதா, பின் அச்சிலுள்ள கிரவுன் பல்சக்கரம் ஓலமிடுகிறதா என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும். இரண்டும் கடைசிக் கட்டத்தில் இருந்தால் 1,75,000 என்று நான் போட்ட கணக்கு தப்பு.

சேசிஸ் தேறிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அடுத்து, இன்ஜின் உண்மையிலேயே எவ்வளவு போயிருக்கிறது? "இன்ஜின் போச்சு" என்பது ஒரு நோய்க்கான பெயர் இல்லை. தண்ணீர் இல்லாமல் ஓடும்போது முதலில் ஹெட் (சிலிண்டர்களை மூடும் மேல்பகுதி) வளைகிறது, அதன் அடியில் இருக்கும் கேஸ்கெட் எரிகிறது. இன்னும் ஓட்டினால் பிஸ்டன் விரிந்து லைனரை (சிலிண்டரின் உள் உறையை) கீறுகிறது. அப்புறம் ஆயில் மெலிந்து பேரிங் போகிறது. உங்கள் டிரைவர் கொதிக்கும் இன்ஜினில் உடனே தண்ணீர் ஊற்றியதால் ஹெட்டில் விரிசல் விழுந்திருக்கவும் வாய்ப்பு இருக்கிறது. (அவரைத் திட்டாதீர்கள், அந்தப் பதற்றத்தில் எல்லோரும் செய்வதுதான். ஆறும்வரை மூடியைத் திறக்கக் கூடாது என்று மட்டும் இனிமேல் சொல்லி வையுங்கள்.)

முதலில் டிப்ஸ்டிக்கை எடுத்துப் பாருங்கள். ஆயில் பால் டீ நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. அப்படியானால் ஸ்டார்ட் செய்யும் முயற்சியையே நிறுத்திவிடுங்கள், ஒவ்வொரு கிராங்கும் பேரிங்கைத் தேய்க்கும். சிலிண்டருக்குள் தண்ணீர் இறங்கியிருந்தால் கனெக்டிங் ராடே வளைந்துபோகும். பிறகு ஹெட்டைத் திறக்கச் சொல்லுங்கள். இதற்கு ஆகும் கூலி சில ஆயிரம், ஆனால் லட்ச ரூபாய் முடிவு இதில் இருக்கிறது. நான்கு விஷயங்களை எழுதி வாங்குங்கள்: ஹெட் எத்தனை புள்ளி வளைந்திருக்கிறது, லேத்தில் பிரஷர் டெஸ்ட் செய்ததில் விரிசல் உண்டா, நான்கு லைனரிலும் கீறல் எப்படி, கிராங்க் ஜர்னல்களை (பேரிங் உட்காரும் இடங்களை) மைக்ரோமீட்டரில் அளந்தால் என்ன வருகிறது. "பார்த்தாலே தெரியுதுங்க" என்று சொல்லும் மெக்கானிக்கிடம் அளந்து காட்டச் சொல்லுங்கள். கோபித்துக்கொண்டால் வேறு மெக்கானிக் பாருங்கள்.

கேஸ்கெட்டும் ஹெட் ஃபேஸிங்கும் மட்டும் போதும் என்று வந்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி, 1,40,000-இல் கால்வாசியில்கூட முடியலாம். மூன்று லட்சம் கிலோமீட்டர் ஓடிய இன்ஜினில் அதற்கு வாய்ப்பு குறைவு என்றுதான் நினைக்கிறேன்.

முழு வேலை என்றே ஆகிவிட்டால், செகண்ட் இன்ஜினா, இருக்கிறதையே செய்வதா? விலையில் 35,000 வித்தியாசம் தெரிகிறது. நான் உங்கள் இடத்தில் இருந்தால், பிளாக் (சிலிண்டர்கள் இருக்கும் இன்ஜின் உடல்) நன்றாக இருக்கும்வரை இருக்கிறதையே செய்வேன். முதல் காரணம், பிளாக்கில் உள்ள இன்ஜின் நம்பர் மாறாது. செகண்ட் இன்ஜின் வந்தால் நம்பர் மாறும். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி ஆர்டிஓ-வின் ஒப்புதல் வாங்கி, மாற்றிய 14 நாளுக்குள் ஆர்சியில் (பதிவுச் சான்றில்) பதிய வேண்டும். எட்டு வயது தாண்டிய சரக்கு வண்டி என்பதால் உங்களுக்கு எஃப்சி (தகுதிச் சான்று) ஒவ்வொரு வருடமும் வருகிறது. ஆர்சியில் ஒரு நம்பர், வண்டியில் ஒரு நம்பர் என்றால் அங்கேயே நின்றுவிடும். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர்கள் கையில் எடுக்கும் முதல் ஆயுதமும் அதுதான். பழைய நம்பரையே புது பிளாக்கில் பஞ்ச் பண்ணித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் உடனே எழுந்து வந்துவிடுங்கள். அது நேராகக் கிரிமினல் வழக்கு.

இரண்டாவது காரணம் பலருக்குத் தெரியாதது. சென்னையில் பிஎஸ்4 என்கிற புகை மாசு விதி 2010-லேயே வந்துவிட்டது, நாடு முழுக்க வந்தது 2017 ஏப்ரலில். அதனால் 2014 வண்டி என்று சொன்னாலும், உங்கள் பக்கம் பதிவானது பிஎஸ்3 ஆகவும், சென்னையில் உடைத்த வண்டியின் இன்ஜின் பிஎஸ்4 ஆகவும் இருக்கலாம். ஒன்றில் சாதாரண டீசல் பம்ப், மற்றதில் கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் டீசல் அடிக்கும் காமன் ரயில், சென்சார், இசியூ எல்லாம். பிளாக் ஒரே மாதிரி தெரியும், பூட்டினால் பேசாது. பல வருடத்துக்கு முன்னால் நானே ஒரு கஸ்டமருக்கு இப்படி வாங்கி வந்து, வயரிங் பொருந்தாமல் பதினோரு நாள் விழி பிதுங்கியிருக்கிறேன். விற்ற கடைக்காரர் "இன்ஜின் நல்லா இருக்குல்ல" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். அது உண்மைதான், நல்லாத்தான் இருந்தது.

பிளாக்கே போய்விட்டது, வேறு வழியில்லை என்றால் செகண்ட் இன்ஜின் வாங்கத்தான் வேண்டும். அப்போது ஆர்சியில் உள்ள மாசு விதி எதுவோ அதற்கேற்ற இன்ஜின்தான். எந்த வண்டியிலிருந்து கழற்றியது என்பதற்கான பேப்பர், இன்ஜின் நம்பர் எழுதிய பில், இரண்டும் இல்லாமல் எடுக்காதீர்கள், திருட்டு வண்டியின் இன்ஜின் என்றால் உங்கள் பிழைப்பும் சேர்ந்து போகும். கடையில் ஓட்டிக் காட்டுவார்கள். நீங்கள் போவதற்கு முன்பே சூடு பண்ணி வைத்திருந்தால் சந்தேகப்படுங்கள், குளிர்ந்த நிலையில் எடுக்கச் சொல்லுங்கள். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பேக் கம்ப்ரஷன், அதாவது அந்த வழியே திரும்பி வரும் காற்று, எவ்வளவு அடிக்கிறது என்று பாருங்கள். நான்கு சிலிண்டரிலும் கம்ப்ரஷன் அளக்கச் சொல்லி, ஒன்றுக்கொன்று பத்து, பதினைந்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் விட்டுவிடுங்கள். உங்கள் பழைய இன்ஜின் யாருக்கு என்பதையும் விலை பேசும்போதே முடித்துக்கொள்ளுங்கள். கிராங்க், பம்ப், ஆல்டர்னேட்டர் எல்லாவற்றுக்கும் விலை உண்டு, வாய் திறக்காவிட்டால் கடைக்காரருக்குப் போய்விடும்.

இனி, 1,40,000-க்கு மேல் நான் 1,75,000-இல் சேர்த்த கூடுதல் 35,000. இதில்தான் நிறையப் பேர் சிக்கனம் பிடித்து, செய்த இன்ஜினை ஆறே மாதத்தில் மறுபடி இறக்குகிறார்கள். உங்கள் இன்ஜின் செத்தது வயதால் இல்லை, ஒரு ரப்பர் ஹோஸால். ஹோஸ்கள் எல்லாம் புதுசு, வாட்டர் பம்ப் புதுசு, ரேடியேட்டரைக் கழற்றி உள்ளே சுத்தம் செய்யவும், முடியாவிட்டால் மாற்றவும். திண்டுக்கல் பக்கத்து போர் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றுவதை இன்றோடு விடுங்கள். அந்த உப்பு உள்ளே தகடாகப் படிந்து குழாயை அடைக்கும். அளவாகக் கலந்த கூலன்ட்தான். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிட்டால் சூடேறாது என்று நம்ம ஊர் மெக்கானிக்குகளுக்கு ஒரு நம்பிக்கை உண்டு. அது இல்லாமல் ஓடும் இன்ஜின் சரியான சூட்டுக்கே வராமல் டீசலை அதிகம் குடிக்கும், லைனரும் சீக்கிரம் தேயும். புது தெர்மோஸ்டாட் போடச் சொல்லுங்கள், போட்டதைக் கண்ணால் பாருங்கள். இன்ஜின் கீழே இறங்கியிருக்கும்போதே கிளட்ச் பிளேட், இன்ஜின் மவுன்டிங், பின் ஆயில் சீல் மாற்றிவிட்டால் கூலி மிச்சம். தண்ணீர் குறைந்தால் கேபினில் கத்தும் அலாரம் ஒன்றும் வைத்துக்கொள்ளுங்கள், சில ஆயிரத்துக்குள் முடிந்துவிடும். அந்த ஏழெட்டு கிலோமீட்டரை அது தடுத்திருக்கும்.

வேலை முடிந்ததும் முதல் ஆயிரம் கிலோமீட்டர் கேரளா நடை வேண்டாம், பாதி லோடு, உள்ளூர் நடை. அதோடு ஆயிலும் ஃபில்டரும் மாற்றி, ஹெட் போல்ட்டின் இறுக்கத்தை (டார்க்) மறுபடி பார்க்க வேண்டுமா என்று மெக்கானிக்கிடம் கேளுங்கள், கேஸ்கெட் வகையைப் பொறுத்தது அது.

2029 ஆகஸ்டில் வண்டிக்குப் பதினைந்து வயது. பதினைந்து வயது தாண்டிய வண்டிகளுக்கு எஃப்சி கட்டணத்தை 2022 ஏப்ரலிலேயே பல மடங்கு உயர்த்திவிட்டார்கள். அதனால்தான் மேலே மூன்று வருடக் கணக்குப் போட்டேன். அதுவரை நடைக்கு ஐந்நூறு ரூபாய் தனியாக எடுத்து வைத்தால், மாதம் எட்டாயிரம், மூன்று வருடத்தில் இரண்டே முக்கால் லட்சத்துக்கு மேல் சேரும். அப்போது மைத்துனர் சொல்லும் புது வண்டிக்குக் கடன் குறைவாக வாங்கலாம்.

இப்போதைக்குப் புரோக்கரிடம் ஒரு வாரம் தவணை கேளுங்கள். சேசிஸைப் பாருங்கள், ஹெட்டைத் திறங்கள், அந்த நான்கு அளவுகளையும் எனக்கு எழுதி அனுப்புங்கள். லைனர் கீறலைப் போட்டோவும் எடுத்து அனுப்பினால், சிலிண்டரைக் கடைந்து போர் பண்ணலாமா, லைனர் மாற்றவேண்டுமா என்று சொல்கிறேன்.