காது மெஷின் போட்டும் சந்தையில் பேச்சு புரியவில்லையா?

கேள்வி: அப்பாவுக்கு 71 வயது. தோவாளை பூச்சந்தையில் கடை வைத்திருக்கிறார். நாலு மாதம் முன்பு இரண்டு காதுக்கும் மெஷின் வாங்கினோம். வீட்டில் நன்றாகக் கேட்கிறது. சந்தையிலும் கல்யாண வீட்டிலும் வெறும் இரைச்சல்தான் என்று கழற்றிச் சட்டைப்பையில் போட்டுவிடுகிறார். என்ன செய்யலாம்? - வாசகர், தோவாளை

பதில்: முதலில் எந்த இரைச்சல் என்று பார்க்க வேண்டும். ஃபேன், மோட்டார் போல ஒரே சீராக வரும் ஓசையை மெஷினே கண்டுகொண்டு தணித்துவிடும். பூவுக்கு விலை கூவுகிற பத்துப் பேரின் குரல் அப்படியல்ல. அதுவும் பேச்சு, எதிரே நிற்பவர் பேசுவதும் பேச்சு. அப்பாவுக்கு எது வேண்டும் என்று மெஷினுக்குத் தெரியாது. வயதாகும்போது ச, த, ப போன்ற மெல்லிய ஒலிகள்தான் முதலில் பிடிபடாமல் போகும். கூட்டத்தில் அவையே அமுங்கிவிடுவதால், சத்தத்தைக் கூட்டினாலும் பேச்சு தெளியாது.

உங்கள் மெஷினில் அநேகமாக முன்னும் பின்னுமாக இரண்டு மைக் இருக்கும். எதிரே இருந்து வரும் குரலுக்கு முன்னுரிமை கொடுத்து, பின்னால் வருவதைக் குறைப்பது அவற்றின் வேலை. அதனால் கல்யாண மண்டபத்தில் அப்பா மேளத்துக்கு முதுகைக் காட்டி உட்காரட்டும். பேசுகிறவர் முகம் அவருக்கு நேரே, வெளிச்சத்தில் இருக்க வேண்டும். இரண்டு மீட்டர் தள்ளி நின்று பேசுகிறவர் ஒரு மீட்டருக்கு வந்தாலே குரல் சுமார் 6 டெசிபல் கூடும். எந்த செட்டிங்கும் இவ்வளவு சுலபமாக இதைத் தராது.

காதுக்குள் போகும் சிலிக்கோன் டோமையும் (ரப்பர் போன்ற மெல்லிய குமிழ்) பாருங்கள். அதில் ஓட்டைகள் இருந்தால் வெளிச்சத்தம் மெஷினைத் தொடாமலே நேராக உள்ளே போகும். மெஷின் என்னதான் இரைச்சலைக் குறைத்தாலும் பலன் பாதிதான். மூடிய டோமோ காது அளவெடுத்த மோல்டோ போடலாமா என்று ஆடியாலஜிஸ்டிடம் (காது கேட்கும் திறனைச் சோதித்து மெஷினைச் சரிசெய்யும் நிபுணர்) கேளுங்கள். ஆரம்பத்தில் தன் குரலே குடத்துக்குள் இருந்து பேசுவது போலிருக்கும், அதை அப்பாவிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

அப்புறம் உங்கள் ஊர்க் காற்று! ஜூன் முதல் செப்டம்பர் வரை ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்று மைக் துளையில் மோதி 'புஸ்' என்று இரையும். எதிர்ப்பக்கக் குரலைப் பிடிக்கிற அதே செட்டிங், காற்றை இன்னும் அதிகமாக வாங்கும். காற்று நேரத்துக்கென்று தனி புரோகிராம் ஒன்று போட்டுத் தரச் சொல்லுங்கள்.

கல்யாண வீட்டுக்கு நான் அழுத்திச் சொல்வது ரிமோட் மைக். உங்கள் சட்டையில் குத்திக்கொண்டால் உங்கள் குரல் வயர் இல்லாமல் நேராக அவர் காதுக்குப் போகும். உங்கள் மெஷினோடு சேருமா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். பலர் பேசும் சந்தைக்கு இது அவ்வளவாக உதவாது.

ஆடியாலஜிஸ்டிடம் போகும்போது அப்பா தினமும் எத்தனை மணி நேரம் போட்டார் என்று கம்ப்யூட்டரில் பார்க்கச் சொல்லுங்கள், பெரும்பாலான மெஷின்கள் அதைப் பதிந்து வைக்கும். மெஷின் தரும் சத்தத்தைக் காதுக்குள் மெல்லிய குழாய் வைத்து அளக்கும் 'ரியல் இயர்' சோதனையும் கேளுங்கள். காது அழுக்கைத் தடுக்கும் மெழுகு ஃபில்டரையும் மைக் துளையையும் பார்க்கட்டும். வியர்வையும் தூசியும் அடைத்தால் திசை அறியும் வேலையே கெட்டுவிடும்.

கழற்றி வைத்தால் மூளைக்குப் பழக்கமே வராது. முதலில் வீடு, பிறகு டீக்கடை, அப்புறம் கூட்டம் குறைந்த நேரத்துச் சந்தை என்று போகட்டும். ஒரு காதில் மட்டும் திடீரென்று கேட்பது குறைந்தால் மெஷினைக் குறை சொல்லிக் காத்திருக்காமல், அன்றே ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள்.