மூணாறில் போட்ட கையெழுத்து, மார்த்தாண்டத்தில் பிடிக்கும் தவணை

கேள்வி: ஐயா, நான் மார்த்தாண்டம் பக்கம். என் வீட்டுக்காரர் மஸ்கட்டில் வேலை பார்க்கிறார். லீவில் வந்திருந்தபோது பிள்ளைகளோடு மூணாறு போனோம். தேயிலைத்தூள் வாங்கிய கடை வாசலில் ஒரு பையன் சுரண்டும் கூப்பன் தந்தான். "குக்கர் விழுந்திருக்கு, பக்கத்து ரிசார்ட்டில் வந்து வாங்கிக்கோங்க, கணவன் மனைவி ரெண்டு பேரும் வரணும், ஒரு மணி நேரம்தான்" என்றான். நாலு மணி நேரம் உட்கார வைத்தார்கள். கடைசியில் 25 வருட விடுமுறை மெம்பர்ஷிப் என்று 3,60,000 ரூபாய்க்கு இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். 72,000 ரூபாய் அவருடைய கிரெடிட் கார்டில் போனது. மீதிக்கு மாதம் 12,000 வீதம் 24 தவணை. என் வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பிடிக்க ஓடிபியும் சொல்லிவிட்டேன். மனசு கேட்காமல் நாலாம் நாளே போன் செய்து வேண்டாம் என்றேன். "ரிக்வெஸ்ட் போட்டாச்சு மேடம், மேனேஜர் கூப்பிடுவார்" என்றார்கள். வாட்ஸ்அப்பிலும் அதே பதில். பன்னிரண்டாம் நாள் அவர்களே கூப்பிட்டு, ரத்து செய்ய 10 நாள்தான், எழுத்தில் தரவில்லை, பணம் திரும்பாது என்கிறார்கள். வழக்கென்றால் பெங்களூரில்தான் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது. அவரும் மஸ்கட் திரும்பிவிட்டார். நான் என்ன செய்வது? என் கொழுந்தன் குடும்பம் அடுத்த மாதம் கொடைக்கானல் போகிறது, அவர்களுக்கும் இதே மாதிரி ஒரு போன் வந்திருக்கிறது.

பதில்: சகோதரி, உங்கள் கையில் இருக்கும் பெரிய ஆதாரம் அந்த வாட்ஸ்அப் பதில்தான். அதை அழித்துவிடாதீர்கள், போனையும் இப்போதைக்கு மாற்ற வேண்டாம். நாலாம் நாள் பேசிய அழைப்பு போனின் பட்டியலில் இருந்தால், தேதியும் நேரமும் தெரிகிற மாதிரி படம் எடுத்து வையுங்கள். மின்னணு ஆதாரத்தைத் தாக்கல் செய்யும்போது பாரதிய சாட்சிய சட்டம் 63ஆம் பிரிவுப்படி ஒரு சான்றிதழ் இணைக்க வேண்டியிருக்கும். அதற்கு மூலப்பதிவு உங்கள் போனிலேயே இருப்பது நல்லது.

இந்த 10 நாள் கணக்கு எங்கிருந்து வருகிறது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். நீங்கள் வாங்கியது மாதிரி, வருடா வருடம் சில நாள் தங்கும் உரிமையை முன்கூட்டியே விற்பதை டைம்ஷேர் என்பார்கள். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் அதை வாங்கியவர் 14 நாளுக்குள் காரணமே சொல்லாமல் விலகலாம். 2008இல் வந்த நெறிமுறை அது. நம் நாட்டில் டைம்ஷேருக்கென்று அப்படி ஒரு சட்டம் கிடையாது. ஒப்பந்தத்தில் கம்பெனியே எழுதிக் கொடுத்திருக்கும் நாள்தான் கணக்கு. அதனால்தான் "மேனேஜர் கூப்பிடுவார்" என்று சொல்லி நாளைக் கடத்துகிறார்கள். நாலாம் நாள் நீங்கள் வேண்டாம் என்றது அவர்களுக்குத் தெரியும், கோரிக்கை பதிவாகிவிட்டது என்று அவர்களே பதிலும் எழுதியிருக்கிறார்கள். அப்புறம் எழுத்தில் தரவில்லை என்று சொல்வது ஆணையத்தில் நுகர்வோர் வழக்கில் எளிதில் எடுபடாது.

பத்து நாள் போனாலும் இன்னொரு வழி இருக்கிறது. பொய் சொல்லியோ உண்மையை மறைத்தோ வாங்கிய சம்மதம் சுதந்திரமான சம்மதம் ஆகாது. அப்படிப்பட்ட ஒப்பந்தத்தை ஏமாந்தவர் ரத்து செய்யலாம் என்று 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 17 முதல் 19 வரையிலான பிரிவுகளில் சொல்கிறது. ஆனால் ஒன்று: "நாலு மணி நேரம் நச்சரித்தார்கள், தாங்க முடியாமல் கையெழுத்துப் போட்டோம்" என்பது மட்டும் போதாது. நச்சரிப்பு எரிச்சலூட்டும், ஆனால் அதுவே மோசடி ஆகிவிடாது. ஆங்கிலத்தில் இருந்தது, படிக்கவில்லை என்பதும் தனியாக நிற்காது. அவர்கள் வாயால் சொன்னதும் தாளில் இருப்பதும் எங்கே முட்டுகிறது என்று காட்ட வேண்டும். இன்று ராத்திரி வீட்டுக்காரரோடு வீடியோ காலில் உட்கார்ந்து, ஒப்பந்தத்தைப் பக்கம் பக்கமாகப் புரட்டுங்கள். "எப்போது வேண்டுமானாலும் புக் செய்யலாம்" என்றார்களா? தாளில் "அறை காலியாக இருந்தால் மட்டும்" என்று இருக்கும், உங்கள் மெம்பர்ஷிப்புக்கு எந்தப் பருவம் என்றும் குறித்திருப்பார்கள். பிள்ளைகளுக்கு மே மாதம் லீவு, உங்களுக்குக் கிடைத்திருப்பது மழைக்காலம் என்றால் அதுவே ஒரு முக்கியமான பாயிண்ட். "வேண்டாமென்றால் லாபத்துக்கு விற்கலாம்" என்றார்களா? ஆண்டுப் பராமரிப்புக் கட்டணத்தைப் பற்றி வாயே திறக்கவில்லையா? தங்கப் போகாத வருடத்துக்கும் அதைக் கட்ட வேண்டியிருக்கும், வருடா வருடம் அது ஏறவும் செய்யும். 3,60,000 என்று நீங்கள் நினைப்பது முழுத் தொகையே இல்லை.

ஒப்பந்தத்தின் கடைசியில் "வாய்மொழி வாக்குறுதி எதுவும் கம்பெனியைக் கட்டுப்படுத்தாது" என்று ஒரு வரி அநேகமாக இருக்கும். அதைப் பார்த்து மனம் விட்டுவிடாதீர்கள். எழுத்து ஒப்பந்தத்துக்கு எதிராக வாய்மொழி சாட்சியம் செல்லாது என்பது பொது விதி. மோசடியை நிரூபிக்கத் தடையில்லை என்பது அதே விதிக்குள் இருக்கும் விலக்கு. குக்கர் விஷயமும் சின்னது இல்லை. இலவசம் என்று நம்ப வைத்து அதன் விலையை வேறு வழியில் வசூலிப்பதும், தருவதாகச் சொன்ன பரிசைத் தராமல் ஏமாற்ற நினைப்பதும் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2(47)ஆம் பிரிவில் நேர்மையற்ற வணிக நடைமுறை என்றே எழுதப்பட்டிருக்கிறது.

இன்றே செய்ய வேண்டியது ரத்து நோட்டீஸ். வக்கீல் வைத்துத்தான் அனுப்ப வேண்டும் என்றில்லை. ஒப்பந்தத்தில் இருக்கும் மின்னஞ்சலுக்கு ஒன்று, பதிவு அலுவலக முகவரிக்கு ஸ்பீடு போஸ்டில் ஒன்று. நாலாம் நாளே ரத்து செய்துவிட்டோம், இது அதன் உறுதிப்படுத்தல் என்று தொடங்குங்கள். "இப்போது ரத்து செய்கிறோம்" என்று எழுதினால் நீங்களே அவர்கள் கணக்குக்கு ஒத்துக்கொண்ட மாதிரி ஆகும். பொய்யான வாக்குறுதிகளைத் தேதியோடு எழுதுங்கள். 72,000 ரூபாயைத் திருப்பிக் கேளுங்கள். தவணை பிடிக்க வங்கிக்கு எந்தக் கோரிக்கையும் அனுப்பக் கூடாது என்று சொல்லுங்கள். ஒப்பந்தத்தை ரத்து செய்பவர், அதன் மூலம் பெற்றதைத் திருப்பித் தர வேண்டும் என்று ஒப்பந்தச் சட்டம் 64ஆம் பிரிவு சொல்வதால், குக்கர் கைக்கு வந்திருந்தால் அதைத் தரத் தயார் என்றும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். பிரிக்காமல் வைத்திருந்தால் இன்னும் நல்லது.

தவணை விஷயத்தில் அவசரப்படக் கூடாது. பலர் கணக்கைக் காலியாக வைத்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். தானியங்கிப் பிடித்தம் பணமில்லாமல் திரும்பினால், 2007ஆம் ஆண்டின் பணம் செலுத்தல் மற்றும் தீர்வு முறைகள் சட்டம் 25ஆம் பிரிவு செக் பவுன்ஸ் மாதிரியே கிரிமினல் வழக்குக்கு இடம் தருகிறது. இரண்டு ஆண்டு வரை சிறை, தொகையின் இரண்டு மடங்கு வரை அபராதம். அதனால் முதலில் ரத்து நோட்டீஸ், அதன் நகலோடு வங்கிக் கிளைக்கு நேரில் போய் தவணை பிடிக்கக் கொடுத்த ஆணையை ரத்து செய்யச் சொல்லி எழுத்து மனு, மனுவின் நகலில் சீல். இந்த வரிசை மாறக் கூடாது. இன்னொன்றையும் பாருங்கள்: 24 தவணையும் கம்பெனிக்கே போகிறதா, நடுவில் ஏதாவது நிதி நிறுவனம் கடன் கொடுத்து அதற்குப் போகிறதா? கடன் என்றால் பிரச்சினை சிபில் எனும் கடன் மதிப்பெண் வரை போகும், அந்த நிறுவனத்துக்கும் தனி நோட்டீஸ் வேண்டும். கார்டில் போன தொகைக்கு, ரத்து செய்தும் பணம் திரும்பவில்லை என்று கார்டு வங்கியில் உங்கள் வீட்டுக்காரர் இப்போதே தகராறு பதிவு செய்யட்டும். பின் எண் போட்டுக் கொடுத்த பணம், நிச்சயம் கிடைக்கும் என்று சொல்ல மாட்டேன். கேட்காமல் விடவும் கூடாது.

பெங்களூர் போக வேண்டாம். புகார்தாரர் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம் என்று அதே 2019ஆம் ஆண்டுச் சட்டத்தின் 34ஆம் பிரிவு சொல்கிறது. கம்பெனிக்காரர்கள் ஒப்பந்த வரியைக் காட்டி ஆட்சேபிப்பார்கள், ஆட்சேபிக்கட்டும். மத்தியஸ்தத்துக்குத்தான் போக வேண்டும் என்ற நிபந்தனை இருந்தாலும் நுகர்வோர் வழக்கை அது தடுக்காது என்று உச்ச நீதிமன்றம் 2018இல் எமார் வழக்கில் தெளிவாக்கிவிட்டது. நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு செய்யுங்கள். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் கிடையாது. கால அவகாசம் இரண்டு ஆண்டு. ஒப்பந்தத்தில் நீங்களும் கையெழுத்துப் போட்டிருப்பதால் நீங்களே மனுதாரராக இருக்கலாம்; மஸ்கட்டில் இருப்பவர் காணொலி வழியாக ஆஜராக அனுமதி கேட்கலாம்.

மனுவில் ஒரு நுணுக்கம் உண்டு. "நியாயமற்ற ஒப்பந்தம்" என்று தலைப்பிட்டால் அதை விசாரிக்க மாவட்ட ஆணையத்துக்கு அதிகாரம் இல்லை, மாநில ஆணையத்துக்குப் போக வேண்டிவரும். "நேர்மையற்ற வணிக நடைமுறை, சேவைக் குறைபாடு" என்று எழுதினால் நாகர்கோவிலிலேயே நிற்கும். மனு போடும் முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் ஒரு புகார் பதிவு செய்து பாருங்கள். நோட்டீஸும் அந்தப் புகாரும் சேர்ந்து போனால், நிர்வாகச் செலவு என்று கொஞ்சம் பிடித்துக்கொண்டு மீதியைத் தருகிறோம் என்று இறங்கி வரும் கம்பெனிகள் உண்டு. எவ்வளவு விட்டுக்கொடுப்பது என்பது உங்கள் முடிவு. தவணை ஆணையைக் கைவிடுவதாக எழுத்தில் தராமல் எதற்கும் சம்மதிக்க வேண்டாம். நடுவில் யாராவது போன் செய்து, உங்கள் மெம்பர்ஷிப்பை நல்ல விலைக்கு விற்றுத் தருகிறேன், முன்பணம் கட்டுங்கள் என்றால் அது அடுத்த ஏமாற்று.

உங்கள் கொழுந்தனுக்கு: போனில் அழைத்த அந்தக் கூட்டத்துக்குப் போகாமல் இருப்பதே நல்லது. பரிசை ஆசைப்பட்டுப் போயே தீருவேன் என்றால் கார்டுகளை அறையில் வைத்துவிட்டுப் போகட்டும், வங்கி ஓடிபி வரும் போனையும் சேர்த்து. தகுதி பார்க்கத்தான் என்று சொல்லிக் கார்டை வாங்கி வைத்துக்கொள்வார்கள். பக்கத்து மேசையில் யாராவது வாங்கிவிட்டால் கைதட்டுவார்கள். முடியாது என்றால் பெரியவர் ஒருவர் வந்து, இன்றைக்கு மட்டும் என்று விலையைப் பாதியாக்குவார். அவர்களிடம் கேட்க ஒரே கேள்வி போதும்: "நீங்கள் சொன்ன இதையெல்லாம் கம்பெனி மின்னஞ்சலில் அனுப்புங்கள், ஊருக்குப் போய்ப் படித்துவிட்டுச் சொல்கிறோம்." அனுப்ப மாட்டார்கள். அடையாள அட்டையைத் திருப்பித் தராமல் இழுத்தடித்தாலோ வெளியே விடாமல் மறித்தாலோ அங்கே நின்று வாதாட வேண்டாம், 112ஐ அழைக்கச் சொல்லுங்கள்.