தாலி கட்டிய பிறகு சர்க்கார் எதற்கு? கல்யாணச் சட்டக் கேள்விகளும் பதில்களும்

எங்கள் வீட்டுக் கல்யாணத்தைக் கொங்கு வழக்கப்படி, சடங்கு செய்து வைக்கும் பெரியவரான அருமைக்காரர்தான் நடத்தி வைத்தார். இணைச்சீர், மங்கல வாழ்த்து எல்லாம் ஆயிற்று. இதற்கு மேல் சர்க்காரிடம் போய் எதற்குங்க கையெழுத்துப் போடோணும்? (காங்கேயம்)

உங்கள் கல்யாணம் அன்றைக்கே செல்லுபடியாகிவிட்டது. மணமக்களில் ஒருவர் வீட்டு வழக்கப்படி நடந்தாலே 1955ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டம் ஏற்றுக்கொள்ளும். சடங்குக்குள் அரசு தலையிடக் கூடாது என்பதில் நானும் உங்கள் பக்கம்தான். ஆனால் பதிவு என்பது சடங்கல்ல, சாட்சி. தமிழ்நாட்டின் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி எந்த மதத்தவரும் 90 நாளுக்குள் பதிய வேண்டும்; தவறினால் கூடுதல் கட்டணத்தோடு இன்னும் 60 நாள் உண்டு. கணவர் விபத்தில் போன பிறகு, கைக்குழந்தையோடு கல்யாண ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்த பெண்களைப் பார்த்திருக்கிறேன். அந்த அலைச்சல் உங்கள் வீட்டுக்கு வேண்டாம்.

தங்கைக்கு 1998இல் நகை போட்டு, சீர் செய்து அனுப்பினோம். இப்போது தாத்தா வழித் தோட்டத்தில் பங்கு கேட்கிறாள். நியாயமுங்களா? (கோபி)

நியாயம்தான். 1989 மார்ச் 25 முதலே தமிழ்நாட்டில் மகளும் கூட்டுக்குடும்பச் சொத்தில் பிறப்பால் பங்காளி. அதற்கு முன்பே மணமானவர்களுக்கு மட்டும் அது இல்லை. இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் 2005இல் வந்த மத்தியத் திருத்தம் அந்த விலக்கையும் நீக்கியது. திருத்தம் வந்த நாளில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. 2004 டிசம்பர் 20க்கு முன்பே முறையாகப் பாகம் பிரித்திருந்தால் அதைத் தொட முடியாது. அப்பா தன் சம்பாத்தியத்தில் வாங்கிய நிலம் என்றால் கதை வேறு: யாருக்கு வேண்டுமானாலும் அவர் உயில் எழுதலாம், எழுதாமல் போனால் பிள்ளைகள் எல்லோருக்கும் சமம்.

சீர் செய்தது பாகத்துக்கு ஈடாகாது. அந்த நகை உங்கள் தங்கையின் சொந்தச் சீதனம். அப்பாவின் காரியம் முடிந்த கையோடு, "ஒரு கையெழுத்துத்தானே அம்மிணி" என்று, பங்கு வேண்டாமென எழுதிக் கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தை நீட்டுகிற பழக்கம் நம் பக்கம் இன்னும் இருக்கிறது. பொறந்த வீட்டு உறவு அறுந்துவிடுமோ என்ற பயத்திலேயே பலர் போட்டுக் கொடுக்கிறார்கள். அண்ணனாகிய நீங்கள் அதைச் செய்யாதீர்கள்.

நாங்கள் இருவரும் வேறு வேறு சாதி. பதிவுத் திருமணம் என்றால் 30 நாள் நோட்டீஸ் ஒட்டுவார்களாமே? வீட்டுக்குத் தெரிந்தால் உயிருக்கே ஆபத்துங்க. (பொள்ளாச்சி)

உங்கள் பயம் வீண் பயமல்ல. 2016 மார்ச்சில் உடுமலையில் சங்கர் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டதை இந்தப் பக்கம் யாரும் மறக்கவில்லை.

நோட்டீஸ் கேட்பது சிறப்புத் திருமணச் சட்டம். இருவரும் இந்து என்றால் அந்த வழியே தேவையில்லை. இந்துத் திருமணச் சட்டத்தில் அண்ணா ஆட்சியில் வந்த 7-ஏ பிரிவு போதும்: உறவினரோ நண்பரோ முன்னிலையில், ஒருவரையொருவர் இணையராக ஏற்கிறோம் என்று சொன்னாலோ, மாலை அல்லது மோதிரம் மாற்றினாலோ, தாலி கட்டினாலோ திருமணம் ஆயிற்று. அதை ஊரறிய நடத்த வேண்டியதில்லை என்று 2023இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. வயது வந்த இருவருக்குப் பெற்றோரின், சாதிக்காரர்களின் சம்மதம் தேவையில்லை என்பது 2018 தீர்ப்பு. இப்படிப்பட்ட ஜோடிகளைக் காக்க மாவட்டந்தோறும் தனிப்பிரிவு வைக்கவும் அதே தீர்ப்பு உத்தரவிட்டது. கல்யாணம் முடிந்ததும் காவல் கண்காணிப்பாளரிடம் எழுத்தில் மனுக் கொடுத்து, ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். அரசு குறுக்கே வந்து நின்றாக வேண்டிய இடம் இதுதான். இங்கே அது ஒதுங்கினால் அரிவாளுக்கு வழிவிட்டதாகும்.

நாங்கள் இரண்டு பெண்கள், ஆறு வருடமாக ஒன்றாக வாழ்கிறோம். எங்களுக்கு என்ன உரிமை இருக்கிறது? (திருப்பூர்)

திருமணமாகப் பதிய இப்போது வழியில்லை. உச்ச நீதிமன்றத்தின் 2023 அக்டோபர் 17 தீர்ப்பு அதை நாடாளுமன்றத்திடம் விட்டுவிட்டது. இது எனக்குப் பெரிய மனக்குறை. ஆனால் சேர்ந்து வாழ்வதை யாரும் தடுக்க முடியாது. திருமணம் மட்டுமே குடும்பம் அமைக்கும் வழியல்ல என்று 2025இல் சென்னை உயர் நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. வங்கியில் கூட்டுக் கணக்கு தொடங்கலாம், ஒருவரை ஒருவர் நாமினியாகப் போடலாம். 2024 ஆகஸ்டில் மத்திய நிதி அமைச்சகமே இதைத் தெளிவாக்கியது. சொத்து தானாக வந்து சேராது என்பதால் ஆளுக்கொரு உயில் எழுதி, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிடுங்கள். இந்த மாதமே செய்யுங்கள்.