‘வெடிக்கும் தன்மை: தரவு இல்லை’ என்று எழுதியிருந்தால் என்ன செய்வது?

கேள்வி: சிங்கப்பூரின் துவாஸில் ஒரு சிறிய வேதிப்பொருள் வணிக நிறுவனத்தில் கிடங்குப் பொறுப்பாளராக இருக்கிறேன். புதிதாக வந்திருக்கும் மஞ்சள் நிறத் தூளின் பெயரில் ‘டைநைட்ரோ’ என்று வருகிறது. அதன் பாதுகாப்புத் தரவுத் தாளின் 9ஆம் பிரிவில் ‘வெடிக்கும் தன்மை: தரவு இல்லை’ என்று போட்டிருக்கிறார்கள். மாதிரிகூடக் கேட்காமல், ‘வெடிபொருள் அல்ல’ என்ற சான்றிதழை இரண்டே நாளில் வாங்கித் தருவதாக ஒரு முகவர் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். ‘தரவு இல்லை’ என்பதற்கு யாரும் பார்க்கவில்லை என்றுதான் பொருள். ஆபத்து இல்லை என்று பொருள் அல்ல. அதே சமயம், உடனே பெரும் செலவில் வெடிச்சோதனைக்கு அனுப்ப வேண்டும் என்றும் இல்லை. அதற்கு முன்பு காகிதத்திலேயே செய்யக்கூடிய ஒரு வடிகட்டல் முறை, ஐக்கிய நாடுகள் அமைப்பின் சோதனைக் கையேட்டில் 6ஆம் பின்னிணைப்பாக இருக்கிறது.

முதலில் மூலக்கூறின் அமைப்பைப் பார்ப்பார்கள். நைட்ரோ, அசைடு, டையசோ, பெராக்சைடு போன்ற, சிதையும்போது வெப்பத்தையும் வாயுவையும் வேகமாக வெளியிடும் தொகுதிகள் எதுவும் இல்லையென்றால் பெரும்பாலும் விஷயம் அங்கேயே முடிந்துவிடும். பாராசிட்டமாலில் நைட்ரஜனும் ஆக்சிஜனும் இருக்கின்றன, ஆனால் அத்தகைய தொகுதி இல்லை. அதனால் அதை யாரும் வெடிச்சோதனைக்கு அனுப்புவதில்லை. உங்கள் தூளில் இரண்டு நைட்ரோ தொகுதிகள் இருப்பதால் நீங்கள் அடுத்த படிக்குப் போக வேண்டும். அது ஆக்சிஜன் சமநிலை. தன்னிடமுள்ள கரியையும் ஹைட்ரஜனையும் எரித்து முடிக்க அந்தப் பொருளின் சொந்த ஆக்சிஜன் எவ்வளவு தூரம் போதும் என்பதைச் சொல்லும் கணக்கு அது. விடை −200க்கும் கீழே இறங்கினால் சோதனை தேவையில்லை. ஒரே ஒரு நைட்ரோ தொகுதி கொண்ட நைட்ரோபென்சீனுக்கே ஏறத்தாழ −163 வருகிறது, இரண்டு கொண்ட டைநைட்ரோபென்சீனுக்கு ஏறத்தாழ −95. ஆகவே உங்கள் தூள் இந்தக் கட்டத்தில் தப்பிக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

மூன்றாவது படி, சில மில்லிகிராம் பொருளைச் சூடாக்கி, சிதையும்போது எவ்வளவு வெப்பம் வெளியாகிறது என்று அளக்கும் டி.எஸ்.சி. சோதனை. கிராமுக்கு 500 ஜூலுக்குக் குறைவாக இருந்தால் வெடிபொருள் வகுப்புக்கான சோதனைகள் தேவைப்படுவதில்லை. கூடுதலாக இருந்தால்தான் எஃகுக் குழாயில் நிரப்பி அதிர்ச்சி கொடுத்துப் பார்க்கும் பெரிய சோதனைகள் வரும். அவற்றுக்குக் கணிசமான அளவு பொருளும், அதற்கென்றே அமைந்த கூடமும் வேண்டும். மாதிரியே வாங்காமல் இரண்டு நாளில் சான்றிதழ் தருகிறவர் இவற்றில் எதைச் செய்திருக்க முடியும்?

இந்த முகவர்கள் விற்பது பெரும்பாலும் வேறொரு சரக்குக்கு எழுதிய அறிக்கையின் நகல். உண்மையான சோதனை அறிக்கை கையில் இருந்தாலும் சோதனைக் கிண்ணம் எப்படி மூடப்பட்டது என்று கேளுங்கள். என்னிடம் வந்த ஓர் அறிக்கையில் மூடியில் ஊசித் துளையிட்ட அலுமினியக் கிண்ணத்தைப் பயன்படுத்தியிருந்தார்கள். சூடேற ஏறப் பொருள் அந்தத் துளை வழியே ஆவியாகிப் போய்விட்டது. சிதைவதற்குக் கிண்ணத்தில் மிச்சம் இருந்தது சொற்பம். ‘குறைந்த ஆற்றல், பாதுகாப்பானது’ என்று கீழே முத்திரை குத்தியிருந்தது. அழுத்தம் தாங்கும்படி முழுவதும் அடைத்த கிண்ணத்தில் செய்யாத அளவீட்டை ஏற்காதீர்கள்.

இனி, உங்கள் விஷயத்தில் எனக்கு மிகவும் கவலை தரும் ஒன்றைச் சொல்கிறேன். பல நைட்ரோ சேர்மங்களை நீரால் ஈரமாக்கித்தான் விற்கிறார்கள். பிக்ரிக் அமிலத்தில் எடையில் 30 சதவீதமோ அதற்கு மேலோ நீர் இருந்தால் அது போக்குவரத்து விதிகளில் 4.1 வகுப்பு, எரியக்கூடிய திடப்பொருள். அதற்குக் குறைந்தால் 1ஆம் வகுப்பு, அதாவது வெடிபொருள். பெட்டியும் பெயரும் ஒன்றுதான், நீர் மட்டும் போயிருக்கிறது. 2016ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் பள்ளிக்கூட ஆய்வகங்களில் பல காலமாகக் கிடந்த டைநைட்ரோஃபீனைல்ஹைட்ரசீன் குப்பிகளை அப்புறப்படுத்த ராணுவத்தின் வெடிகுண்டு அகற்றும் பிரிவை அழைக்க வேண்டியிருந்தது. அவை உலர்ந்திருக்கலாம் என்பதே அச்சம். ஈரமான மாதிரிக்குக் கொடுத்த சான்றிதழ், குளிரூட்டிய கிடங்கில் மாதக்கணக்கில் இருந்து உலர்ந்த தூளுக்குப் பொருந்தாது. எனவே லேபிளில் நீரின் சதவீதம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், பொருள் வந்த அன்றே கொள்கலனோடு நிறுத்து எடையை எழுதி வைத்து, மாதந்தோறும் ஒப்பிடுங்கள். எடை குறைந்திருந்தாலோ, மூடியின் திருகு மரையைச் சுற்றித் தூள் படிந்து பொருக்குத் தட்டியிருந்தாலோ மூடியைத் தொடவே தொடாதீர்கள். திருகும்போது ஏற்படும் உராய்வே போதுமானதாகிவிடலாம். ஆட்களை அங்கிருந்து விலக்கிவிட்டு தீயணைப்பு அவசர எண்ணான 995க்கு அழைத்து, பொருளின் பெயரைத் தெளிவாகச் சொல்லுங்கள்.

இவ்வளவையும் ஒரு கிடங்குப் பொறுப்பாளர் தனியாகக் கண்டுபிடிக்க வேண்டியிருப்பது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. தரவுத் தாளில் 16 பிரிவுகளும் நிரம்பியிருந்தால் போதும் என்று கோப்பு நகர்ந்துவிடுகிறது. 9ஆம் பிரிவில் என்ன எழுதியிருக்கிறது என்று படிப்பவர் அரிது. வெடிபொருள் செய்யப் பயன்படக்கூடிய மூலப்பொருள்களுக்குக் காவல்துறையிடமும், நச்சுப் பொருள்களுக்குத் தேசிய சுற்றுப்புற வாரியத்திடமும், எளிதில் தீப்பற்றுபவற்றுக்குக் குடிமைத் தற்காப்புப் படையிடமும் தனித்தனிப் பட்டியல்கள் இருக்கின்றன. எந்தப் பட்டியலிலும் பெயர் இல்லாத ஒரு புதிய தூளைப் பற்றிக் கேட்க வேண்டிய கேள்வியை ஒவ்வொருவரும் அடுத்தவரிடம் விட்டுவிடுகிறார்கள்.

இன்றே தயாரிப்பாளருக்கு நேரடியாக எழுதுங்கள், முகவர் வழியாக வேண்டாம். மூலக்கூறின் அமைப்பும், வேதிப்பொருளின் அடையாள எண்ணான சி.ஏ.எஸ். எண்ணும், நீரின் அளவும் அதன் குறைந்தபட்ச வரம்பும், அடைத்த கிண்ணத்தில் எடுத்த டி.எஸ்.சி. வரைபடமும், எந்தத் தொகுப்பு எண்ணில் சோதித்தார்கள் என்ற விவரமும் எழுத்தில் வேண்டும் என்று கேளுங்கள். பதில் வரும் வரை பெட்டியைத் திறக்காமல், வெப்பத்துக்கும் மற்றச் சரக்குக்கும் எட்டாமல் தனியே வையுங்கள். பதில் திருப்தியாக இல்லாமல் திருப்பி அனுப்ப முடிவு செய்தாலும், அதன் வகுப்பு என்னவென்று எழுத்தில் தெரியாமல் எந்த வாகனத்திலும் ஏற்ற விடாதீர்கள்.