சேவல் காசு வாங்குங்கள், ஆனால் பத்தரிடம் கொடுத்துவிடாதீர்கள்

கேள்வி: ஐரோப்பாவின் பழைய சின்னத் தங்கக் காசுகளை வாங்கிச் சேர்ப்பது நல்லதா, நகையே மேலா?

வேலைக்குச் சேர்ந்து இரண்டு மூன்று வருடமாகி, கையில் கொஞ்சம் மிச்சம் பிடித்திருப்பீர்கள். வீட்டில் "ஒரு காப்பாவது செய்து போடு" என்று நிற்கிறார்கள் என்று நினைக்கிறேன். எனக்கும் அப்படித்தான் இருந்தது. காசே மேல் என்பது என் பதில். நான் நாணய நிபுணன் அல்ல, என் கையால் வாங்கி விற்றதை வைத்துத்தான் சொல்கிறேன்.

பரிஸில் பழைய பங்குச்சந்தைக் கட்டடத்துக்குப் பக்கத்தில் ரூ விவியென் தெருவில் நாணயக் கடைகள் இருக்கின்றன. 2009இல் அங்கே என் முதல் 20 பிராங்க் காசை வாங்கினேன். ஒரு பக்கம் பிரெஞ்சுக் குடியரசின் அடையாளமான மரியான் என்ற பெண்ணின் தலை, மறுபக்கம் சேவல். எடை 6.45 கிராம், அதில் சுத்தத் தங்கம் 5.8 கிராம். பழசு என்று மயங்கிக் கூடக் கொடுக்காதீர்கள். 1907 முதல் 1914 வரை ஆண்டு பொறித்த சேவல் காசுகளில் ஏராளமானவை 1951க்கும் 1960க்கும் இடையில் திரும்ப அடித்தவை. அவற்றின் நிறம் சற்றுச் சிவந்திருக்கும். தங்கம் ஒன்றுதான், ஆனால் அரிய காசின் விலை அவற்றுக்குக் கிடையாது.

இனி நான் விட்ட பிழை. 2017இல் மகளின் சாமத்தியச் சடங்குக்கு அம்மா ஊரிலிருந்து வந்திருந்தார். பெட்டியில் இருந்த ஏழு காசையும் பார்த்துவிட்டு, "சும்மா கிடக்கிறதை பிள்ளையின்ர கழுத்தில போடன்" என்றார். அம்மாவின் அம்மாவுக்குக் காசுமாலை இருந்ததாம். மறுக்க மனம் வரவில்லை. இரண்டைப் பத்தரிடம் கொடுத்து வளையம் பற்றவைத்தோம். மரியானின் தலைக்கு மேல் வளையம் வந்தது. சடங்கன்று பதக்கம் திரும்பியபோதுதான் கவனித்தேன், சேவல் தலைகீழாகத் தொங்கியது. பழைய பிரெஞ்சுக் காசில் இரண்டு முகமும் ஒன்றுக்கொன்று தலைகீழாகவே அடிக்கப்பட்டிருக்கும். அது எனக்கு அதுவரை தெரியாது.

2023இல் வீட்டுத் திருத்த வேலைக்குப் பணம் தேவைப்பட்டு ஏழையும் கொண்டுபோனேன். கடைக்கார அம்மா வளையத்தைக் கழற்றச் சொல்லி, விளக்கின் கீழே பூதக்கண்ணாடி வைத்துக் காட்டினார். விளிம்பைச் சுற்றி 'சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம்' என்று பிரெஞ்சில் ஓடும் எழுத்துகளில் இரண்டு பற்றாசுக்குள் புதைந்திருந்தன. மரியானின் முடிக்கு மேலே சூடுபட்ட கறை. "இது இனிக் காசு இல்லை மிஸியூ, உருக்கி விற்கும் வெறும் தங்கம்" என்றார். மற்ற ஐந்துக்கும் காசு விலை கொடுத்தார். அந்த இரண்டையும் நான் விற்கவில்லை.

பற்றுச்சீட்டைத் தொலைக்காதீர்கள். பிரான்சில் வாங்கிய தேதியும் விலையும் காட்ட முடியாவிட்டால், நட்டத்துக்கு விற்றாலும் விற்ற முழுத்தொகையில் 11.5 சதவீதம் வரி. காட்ட முடிந்தால் லாபத்துக்கு மட்டும் வரி கட்டும் வழியைத் தேர்ந்தெடுக்கலாம். அந்த வழியில் மூன்றாம் வருடத்திலிருந்து ஆண்டுக்கு 5 சதவீதம் கழிவு கிடைக்கும், 22 வருடம் வைத்திருந்தால் வரியே இல்லை.

"22 கரட் கூட இல்லையே" என்று யாராவது கீழே எழுதுவீர்கள். 21.6 கரட்தான், மறைக்கவில்லை. ஆனால் இதற்குச் செய்கூலி, சேதாரம் யாரும் கேட்பதில்லை. நாம் சொல்லும் சவரனும் இங்கிலாந்தின் தங்கக் காசுப் பெயர்தான். அது 7.99 கிராம், அதைத்தான் நாம் எட்டாக்கி வைத்திருக்கிறோம்.

"தங்கம் வட்டி தராது" என்பதையும் கேட்டு அலுத்துவிட்டேன். வட்டி வரும் என்று, பரிஸில் நம் தமிழ்க் கடைகள் உள்ள லாச்சப்பலில் ஒருவரிடம் மாதம் 300 யூரோப்படி இருபது மாதம் சீட்டுக் கட்டினேன். என் முறை வந்தபோது "இந்த மாதம் பொறு தம்பி" என்றார். பொறுத்தேன். பிறகு போனையே எடுக்கவில்லை. ஒரு துண்டுக் கடதாசி கூட இல்லாததால் வழக்கும் போட முடியவில்லை. எங்கள் ஆட்களுக்குள் இதைக் கேட்க ஒருவரும் இல்லை; கேட்டால் "ஊர்க்காரன், விடு" என்பார்கள். போன சனிக்கிழமையும் அவரை மரக்கறிக் கடையில் கண்டேன். முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டு நின்றவர், என்னைப் பார்த்து "எப்படித் தம்பி, சுகமோ?" என்றார்.