கெக்கை வெட்டி அண்டாவாக்கலாம், ஆனால் முதலில் காற்றை இறக்குங்கள்

நிலாவெளியில் சிறிய தங்குமிடம் நடத்தும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "பழைய இரும்புக் கடையில் 50 லீட்டர் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பியர் கெக் (பியர் அடைத்து வரும் உலோகப் பீப்பாய்) ஒன்று வாங்கினேன். கனடாவில் இருக்கும் மச்சான் இப்படி ஒன்றை வெட்டித்தான் வீட்டில் பியர் காய்ச்சுகிறார். நான் இஞ்சிப் பானமும் தேநீரும் காய்ச்சும் அண்டாவாக மாற்ற நினைக்கிறேன். கிரைண்டரால் மேல்பக்கத்தை வெட்டினால் போதுமா? குழாய் வைக்க வெல்டிங் கட்டாயமா?"

வெட்டினால் மட்டும் போதாது. வெல்டிங் கட்டாயமில்லை.

உங்கள் மச்சான் செய்வது அங்கே பிழையில்லை. கனடாவில் சொந்தப் பாவனைக்கு வீட்டில் பியர் காய்ச்சலாம். இங்கே இலங்கையில் அனுமதிப்பத்திரம் இல்லாமல் மது தயாரிப்பது 1912ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டப்படி குற்றம். இஞ்சிப் பானத்துக்கு அந்தப் பிரச்சினை இல்லை. ஒன்று மட்டும் பாருங்கள். கெக் பெரும்பாலும் பியர் கம்பனியின் சொத்து. வைப்புப் பணம் கட்டி எடுத்துப்போன ஒருவர் அதை விற்றிருந்தால், அது அவருடையதாகிவிடாது. கெக்கின் மேல் கம்பனிப் பெயர் இருந்தால், கடைக்காரரிடம் அது வந்த வழியைக் கேட்டுவிட்டுக் கிரைண்டரைத் தொடுங்கள்.

இனி முக்கியமான விஷயம். காலியான கெக் என்று நாம் நினைப்பதற்குள்ளும் கரியமில வாயு அழுத்தத்தோடு இருக்கும். நடுவில் இருக்கும் வால்வும் அதோடு இணைந்து அடிவரை இறங்கும் நீளக் குழாயும், அப்படியே கழற்றப் போனால், அந்த அழுத்தத்தில் அம்புபோல மேலே பாய்ந்து வரும். இப்படிக் குழாய் பாய்ந்து ஆட்கள் இறந்திருக்கிறார்கள். ஆகவே திறந்த வெளியில் வைத்து, மேலே தடித்த துணி போட்டு, முகத்தை விலக்கிக்கொண்டு, வால்வை ஒரு மரக்கட்டையால் அழுத்துங்கள். சீறும் சத்தம் முழுக்க நின்ற பிறகும் இன்னொரு முறை அழுத்திப் பாருங்கள். அப்புறம்தான் வால்வைச் சுற்றியிருக்கும் கம்பி வளையத்தை நெம்பி எடுத்துக் குழாயை உருவ வேண்டும். சில கெக்குகளில் வளையத்துக்குப் பதில் மறை இருக்கும், அதற்கு உரிய சாவி வேண்டும். வால்வு வெளியே வராத கெக்கை யாரும் வெட்டவும் கூடாது, அடுப்பில் வைக்கவும் கூடாது. இதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

வெட்டுவதற்கு முன் மூடியை வாங்கிவிடுங்கள். வெட்டிவிட்டு மூடி தேடுபவர்கள்தான் அதிகம். 30 சென்டிமீட்டர் அளவு வாய் இருந்தால் கை உள்ளே போய்த் தேய்க்கலாம், கைபிடி வளையமும் மிஞ்சும். 1 மில்லிமீட்டர் தடிப்புள்ள, ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கென்றே விற்கும் வட்டைப் போடுங்கள். முதல் சுற்றில் மெல்லிய கோடு மட்டும் கீறி, அடுத்தடுத்த சுற்றில் ஆழமாக்குங்கள். மூன்று இடத்தில் சிறு பாலம் விட்டு, அவற்றைக் கடைசியில் வெட்டினால் தகடு உள்ளே விழாது. கண்ணாடி, தோல் கையுறை, கிரைண்டரின் காப்பு மூன்றும் இருக்கட்டும். பிறகு ஓரத்தை எமரியால், விரல் வைத்துத் தடவினாலும் கீறாத அளவுக்கு மழுக்குங்கள்.

திருகோணமலையில் இந்த வேலை கெட்டுப்போவது அதற்குப் பிறகுதான். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் துருப்பிடிக்காமல் இருப்பது அதன் மேலிருக்கும் குரோமியம் ஒக்சைட்டு என்ற மிக மெல்லிய படலத்தால். சாதாரண இரும்பை வெட்டிய வட்டு, இரும்புக் கம்பித் தூரிகை ஏதாவது பட்டால் இரும்புத் துகள் அதில் பதிந்துவிடும். கடற்காற்று மீதியைச் செய்யும். நான் ஆரம்பத்தில் செய்த ஓர் அண்டாவை இரும்புத் தூரிகையால் பளபளவென்று தேய்த்தேன். இரண்டு கிழமையில் வெட்டிய ஓரம் முழுக்கச் செம்புள்ளி. ஆகவே கருவிகளைத் தனியாக வையுங்கள். வேலை முடிந்ததும் ஒரு லீட்டர் வெந்நீரில் 50 கிராம் சிட்ரிக் அசிட் தூள் கரைத்து, துணியில் நனைத்து, வெட்டிய ஓரத்திலும் குழாய்க்குப் போட்ட துளையைச் சுற்றியும் அரை மணி நேரம் ஈரம் காயாமல் போர்த்தி வைத்துக் கழுவுங்கள். படலம் மீண்டும் ஒழுங்காகப் பிடிக்க அது உதவும். குளோரின் கலந்த வெண்மையாக்கி எதையும் இதற்குள் ஊற்ற வேண்டாம், ஸ்டீலில் குழி விழும். கிணற்றுத் தண்ணீர் உவர் என்றால் கடைசிக் கழுவல் நல்ல தண்ணீரில் இருக்கட்டும்.

குழாய்க்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் செய்த அரை அங்குல 'போல் வால்வு' (உள்ளே துளையுள்ள உருண்டை திரும்பித் திறக்கும் குழாய்) போதும். பித்தளை மலிவுதான், ஆனால் பலவற்றில் ஈயம் கலந்திருக்கும். தேசிக்காய்ப் புளிப்பு படும் பானத்துக்கு அது வேண்டாம். அடிவளையம் ஒட்டியிருக்கும் தையலுக்கு இரண்டு விரல் மேலே 21 அல்லது 22 மில்லிமீட்டர் துளை போடுங்கள். துளைக்கும்போது எண்ணெய் விட்டு, வேகத்தைக் குறைத்து, நன்றாக அழுத்துங்கள். அழுத்தாமல் வேகமாகச் சுற்றவிட்டால் அந்த இடம் இறுகிப்போய் எந்தத் துளைக்கருவியும் ஏறாது. உள்ளே ஒரு சிலிக்கோன் வளையம், ஒரு நட்டு, இறுக்கினால் முடிந்தது. கெக்கின் அடி கீழ்நோக்கி வளைந்திருக்கும் என்பதால் உள்ளிருந்து நடுப்பள்ளத்துக்கு வளைந்த குழாய் ஒன்று வைத்தால் மிச்சத்தையும் இறக்கலாம்.

வெல்டிங்தான் வேண்டும் என்றால் ஆர்கன் வாயுவோடு டிக் வெல்டிங் செய்பவரிடம் போங்கள். உள்பக்கத்துக்கும் ஆர்கன் கொடுப்பாரா என்று கேளுங்கள். கொடுக்காவிட்டால் உள்ளே கருகிய சீனிபோலக் கறுத்துச் சொரசொரப்பாகும், அதற்குள் அழுக்குத் தங்கும்.

40 லீட்டர் தண்ணீரை நம் ஊர் 30 பாகையிலிருந்து கொதிக்கவைக்க, சாதாரண அடுப்பில் ஏறக்குறைய 600 முதல் 700 கிராம் காஸ் போகும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் தகடு மறைப்பு இல்லாவிட்டால் இன்னும் கூடும். அடுப்பு தரையோடு இருக்கட்டும். அண்டாவும் தண்ணீரும் சேர்ந்து 50 கிலோவுக்கு மேல் வரும். கொதித்ததைத் தூக்காதீர்கள், குழாயால் இறக்குங்கள். வெளியே இறப்பர் உறை போர்த்திய கெக் என்றால் நெருப்புக்கு உதவாது.

சீனியை அடுப்பை அணைத்த பிறகு போட்டுக் கலக்குங்கள். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் சூட்டை மெதுவாகத்தான் பரப்பும், ஆகவே சுவாலை படும் இடத்தில் சீனி அடிப்பிடிக்கும். இதே காரணத்தால் இதில் பாகு காய்ச்சவோ பொங்கல் வைக்கவோ முயலாதீர்கள். அதற்கு உங்கள் வீட்டுக் கிடாரமே சரி.