திரைக்கு சிப் வேண்டும்; யாருடைய சிப்?

கேள்வி: டிஸ்ப்ளே டிரைவர் சிப் (திரையின் பிக்சல்களை இயக்கும் சிப்) தயாரிக்கும் நிறுவனம் ஒன்றின் பங்கு, 2021-இல் தொட்ட உச்ச விலையில் பாதிக்கும் கீழே கிடைக்கிறது. எல்சிடி போய் ஓஎல்இடி வந்தாலும், நாளை மைக்ரோஎல்இடி (மிகச் சிறிய எல்இடி விளக்குகளே பிக்சல்களாக இருக்கும் திரை) வந்தாலும் திரைக்கு சிப் வேண்டுமே! துணிந்து வாங்கலாமா?

பதில்: திரைக்கு சிப் வேண்டும்தான். அது இந்த நிறுவனத்தின் சிப்பாகத்தான் இருக்க வேண்டும் என்று யார் எழுதிக் கொடுத்தார்கள்?

எல்சிடியில் வெளிச்சத்தைப் பின்விளக்கு பார்த்துக்கொள்ளும். டிரைவர் சிப், பிக்சலுக்கு உரிய மின்னழுத்தத்தைக் கொடுத்தால் போதும். ஓஎல்இடியில் பிக்சலே ஒளிர்கிறது. அதில் ஓடும் மின்னோட்டம் இடத்துக்கு இடம் சற்றே வேறுபட்டாலும் திரை திட்டுத்திட்டாகத் தெரியும். அதைச் சரிக்கட்டும் கணக்கும் நினைவகமும் சிப்புக்குள் ஏற வேண்டியிருப்பதால், கைபேசித் திரைகளுக்கான சிப்கள் 40, 28 நானோமீட்டர் என்ற நுண்ணிய தயாரிப்பு முறைகளுக்குப் போய்விட்டன. எல்சிடியில் பழம் தின்று கொட்டை போட்ட நிறுவனமும் இங்கே புதிதாகத் தேற வேண்டும். இத்துறையில் பலருக்குச் சொந்த ஆலை கிடையாது. ஒப்பந்த ஆலைகளின் வாசலில் வரிசையில் நிற்பவர்கள். சாம்சங்கோ திரையையும் செய்கிறது, அதற்கான சிப்பையும் வடிவமைக்கிறது.

திரை பெருகினால் சிப்பும் பெருகும் என்பது உங்கள் கணக்கு. ஆனால் நடந்தது வேறு. பிக்சல் வரிசைகளை ஒவ்வொன்றாக இயக்க, கேட் டிரைவர் என்று தனி சிப்கள் இருந்தன. அந்தச் சுற்றைக் கண்ணாடியின் மேலேயே உருவாக்கத் திரை தயாரிப்பாளர்கள் கற்றுக்கொண்டார்கள். பல திரைகளிலிருந்து அந்த சிப் மறைந்தது. தொடுதிரைக்கான சிப்பையும் டிரைவரையும் ஒன்றாக்கியதில் இன்னொன்று குறைந்தது.

மைக்ரோஎல்இடியை நம்பியும் பணம் போட வேண்டாம். 2024 பிப்ரவரியில் ஒளிச் சாதனங்கள் தயாரிக்கும் ஏஎம்எஸ் ஓஸ்ராம் நிறுவனத்தின் முக்கியமான மைக்ரோஎல்இடி திட்டம் எதிர்பாராமல் ரத்தானது. பங்கு விலை ஒரே நாளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சரிந்தது. புதிய திரைத் தொழில்நுட்பங்களில் பெரிய கைகளும் சுட்டுக்கொண்டவைதான். தொலைக்காட்சிகளுக்கு எல்காஸ் (சிலிக்கான் மேல் திரவப் படிகத்தை வைத்துப் படம் காட்டும்) சிப் தரப்போவதாக 2004 ஜனவரியில் அறிவித்த இன்டெல், அதே ஆண்டு அக்டோபரில் கைகழுவியது.

உச்ச விலையில் பாதி என்கிறீர்கள். அந்த உச்சம் சிப் பஞ்சம் தந்தது. கிடைத்த விலைக்கு வாங்கிக் குவித்த வாடிக்கையாளர்கள், 2022-இல் விற்பனை படுத்ததும் ஆர்டரை நிறுத்தினார்கள். சரக்கு கிடங்கில் தேங்கியது. பஞ்ச கால விலையோடு ஒப்பிட்டால் எதுவும் மலிவாகத்தான் தெரியும்.

வாங்கியே தீருவேன் என்றால் ஆண்டறிக்கையை எடுங்கள். வருவாயில் ஓஎல்இடியின் பங்கு எவ்வளவு, கையிருப்புச் சரக்கு ஏறுகிறதா, மிகப் பெரிய வாடிக்கையாளர் யார் என்று பாருங்கள். அந்த வாடிக்கையாளர் தானே சிப் வடிவமைக்கத் தொடங்கியிருந்தால், மீதிப் பக்கங்களைப் புரட்டி நேரத்தை வீணாக்க வேண்டாம்.